சேப்பாக்கம் அரண்மனையை விரித்த சிசோம்

சென்னை வாலாஜா சாலையை ஒட்டி நிற்கும் சேப்பாக்கம் அரண்மனை இரண்டு காலங்களின் கட்டடம். முதற்பகுதி, ஆற்காடு நவாப் முகம்மது அலி கான் வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த குடியிருப்பு. இரண்டாம் பகுதி, நூறு ஆண்டு கழித்து, ராபர்ட் பெல்லோஸ் சிசோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் மதராஸ் அரசுக்காக வரைந்து சேர்த்த விரிவாக்கம். நவாபின் இரு மாளிகைகளுக்கு நடுவே அவர் எழுப்பிய கோபுரம்தான் இன்றைக்கு அந்த அரண்மனையின் முகமாகப் பார்ப்பவர் கண்ணில் படுகிறது. பழைய மாளிகை ஒன்றை அதன் பாணியிலேயே, முறையாக வரைபடம் போட்டு விரித்த பணிகளில் தமிழ்நாட்டில் இது மிக முந்தையவற்றுள் ஒன்று. இந்த விரிவாக்கத்தைக் கேட்டது வருவாய் வாரியம். மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஏலமலையின் அடிவாரத்தில் இருந்த போடிநாயக்கனூர் ஜமீன் போன்ற நூற்றுக்கணக்கான ஜமீன்களின் கணக்கு வழக்குகள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அது.

நவாபின் மாளிகை

முகம்மது அலி 1749 முதல் 1795 வரை கர்நாடக நவாபாக, அதாவது ஆற்காடு நவாபாக இருந்தார். ஆற்காட்டைவிட மதராஸில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை நிழலில் இருப்பதே தமக்குப் பாதுகாப்பு என்று அவர் கருதினார். கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டும் எண்ணம் முதலில் இருந்தது. அது கைகூடாமல் போகவே, கோட்டைக்குத் தெற்கே கூவம் ஆற்றுக்கு அப்பால் சேப்பாக்கத்தில் நிலம் வாங்கினார். மதில் சூழ்ந்த அந்த வளாகத்தின் பரப்பு 117 ஏக்கர்.

கட்டட வேலையைப் பார்த்தவர் பால் பென்பீல்டு என்பது வழக்கு. கம்பெனியில் பொறியாளராக வந்த பென்பீல்டு பிறகு நவாபுக்குக் கடன் கொடுப்பவர்களில் முதன்மையானவராக மாறினார். இந்தக் கடன் விவகாரம் லண்டன் வரை நாறியது. 1785இல் எட்மண்டு பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றின் பொருளே ஆற்காடு நவாபின் கடன்கள்தான்.

அரண்மனை இரண்டு தனித்தனி மாளிகைகளாக இருந்தது. ஒன்று கலச மஹால், மாடி வைத்த வீடு; நவாப் குடியிருந்தது அங்கே. மற்றொன்று ஹுமாயூன் மஹால். தர்பார் கூடமான திவான் கானா அதைச் சேர்ந்தது. கூர் வளைவுகள், மடல் வெட்டிய வளைவுகள், சிறு கும்மட்டங்கள், உயர்ந்த கூடங்கள், காற்று வர நீண்ட தாழ்வாரங்கள் எனத் தக்காண முஸ்லிம் அரண்மனைகளின் சாயலை ஐரோப்பியக் கட்டட அமைப்போடு கலந்து அது கட்டப்பட்டது. பிற்காலத்தில் இந்தோ-சாரசெனிக் என்று பெயர் பெற்ற பாணிக்கு இந்த அரண்மனையை முன்னோடியாகச் சொல்வதற்கு இந்தக் கலப்பே காரணம்.

ஏலத்துக்கு வந்த அரண்மனை

1801இல் கர்நாடகத்தின் ஆட்சியதிகாரம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. நவாபுக்குப் பட்டமும் உதவித்தொகையும் அரண்மனையும் மிஞ்சின. 1855இல் குலாம் கௌஸ் கான் வாரிசு இல்லாமல் இறந்தபோது, வாரிசு இழப்புக் கொள்கையைக் காட்டிக் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்தது. கடனை அடைக்கவென்று அரண்மனை ஏலத்துக்கு வந்தது. மதராஸ் அரசே அதை வாங்கிக்கொண்டது. மதில் இடிபட்டது, வளாகம் துண்டு துண்டாகப் பல வேலைகளுக்குப் போனது. 1865இல் மதராஸ் கிரிக்கெட் கிளப்புக்குக் கிடைத்த மைதானமும், பின்னால் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் எழுந்த இடங்களும் நவாபின் தோட்டமாகவும் திடலாகவும் இருந்தவை.

மாளிகைகளுக்குள் அலுவலகங்கள் வந்தன. சிவில் பொறியியல் கல்லூரி 1862இல் கலச மஹாலுக்கு வந்து, 1920இல் கிண்டிக்குப் போகும்வரை அங்கேயே நடந்தது. வருவாய் வாரியத்துக்கும் அரண்மனை வளாகத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. வீடாகக் கட்டிய கட்டடத்தில் அலுவலகம் நடத்துவதன் சங்கடங்கள் அப்போதுதான் தெரிந்தன. தர்பார் கூடம் விசாலம், ஆனால் குமாஸ்தாக்களுக்குத் தனி அறை இல்லை. அந்தப்புரம் வெளியார் பார்வை படாதபடி கட்டப்பட்டது, மனுவோடு வருகிறவர் நுழைய முகப்பு வாசல் இல்லை. இரு மாளிகைகளுக்கும் இடையே வெட்டவெளி. ஆவணக்கட்டுகளை அடுக்க இடமே இல்லை.

வாரியமும் மலையடிவாரமும்

1786இல் தொடங்கிய வருவாய் வாரியத்தின் வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணம் முழுவதற்கும் பெருகியிருந்தது. நிலவரி, உப்பு, நில அளவை, ஜமீன்கள் கட்டிய பேஷ்குஷ் என்ற கப்பம், எல்லைத் தகராறு எல்லாம் அதன் பொறுப்பு. 1804ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஜமீன்தார் மைனராக இருந்தால் அந்த ஜமீனை நடத்தும் கோர்ட் ஆப் வார்ட்ஸ் பொறுப்பும் வாரியத்திடமே இருந்தது.

போடிநாயக்கனூரை எடுத்துக்கொண்டால் இந்த வேலையின் அளவு புரியும். மதுரை நாயக்கர் காலத்து எழுபத்திரண்டு பாளையங்களில் ஒன்றாக இருந்து, கம்பெனி ஆட்சியில் ஜமீனாக மாறிய ஊர் அது. பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்தது. ஊருக்கு மேற்கே செங்குத்தாக எழும் மலையின் உச்சிக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர். ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் அங்கே. விளைந்த ஏலக்காய் தலைச்சுமையாகவும் கால்நடைகளின் முதுகிலும் மலைப்பாதை வழியே போடிக்கு இறங்கியது. மலைக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் துணியும் அதே வழியில் ஏறின. விளைவது ஒரு சமஸ்தானத்தில், விற்பது வேறொரு மாகாணத்தில், அடிவாரத்து நிலம் ஜமீனுக்கு என்ற நிலையில் ஒவ்வொரு கேள்வியும் காகிதமாக மாறியது. அந்தக் காகிதம் தாசில்தாரிடமிருந்து மதுரை கலெக்டருக்கும், கலெக்டரிடமிருந்து சேப்பாக்கத்துக்கும் போனது. இப்படி ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் வந்து குவிந்த கட்டுகளைத் தாங்க நவாபின் வீடு போதவில்லை.

கொத்தனார் கணக்கில் வளர்ந்த வீடுகள்

சிசோமின் பணி எதில் புதிது என்பது, அதற்கு முன் இந்த நாட்டில் பெரிய வீடுகள் எப்படி விரிந்தன என்பதைப் பார்த்தால்தான் விளங்கும். பாளையக்காரர் அரண்மனையும் சரி, வணிகர் வீடும் சரி, கட்டுக்குமேல் கட்டாக வளர்ந்தவை. முதலில் திண்ணையும் முற்றமும் கொண்ட முன்கட்டு; குடும்பம் பெருகினால் இரண்டாங்கட்டு; சரக்கு பெருகினால் பின்னால் கிட்டங்கி. வரைபடம் கிடையாது. தரையில் கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து, மனையடி சாஸ்திரப்படி எத்தனை அடி அகலம் ஆகும், எத்தனை ஆகாது என்று பார்த்து, கொத்தனாரும் ஆசாரியும் வீட்டுக்காரரும் நின்றபடியே முடிவு செய்தார்கள். பழைய சுவர் எந்தச் சுண்ணாம்பில் எழுந்ததோ அதே சுண்ணாம்பில் புதிய சுவரும் எழுந்ததால், எங்கே பழையது முடிகிறது, எங்கே புதியது தொடங்குகிறது என்பது பல வீடுகளில் தெரியாது.

போடி ஜமீன் அரண்மனை இந்த மரபைச் சேர்ந்தது. அதிலுள்ள லட்சுமி விலாசம் என்ற மண்டபத்தின் சுவர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவிய மரபு, அரசர்கள் போன பிறகும் ஜமீன்களின் ஆதரவில் தொடர்ந்ததற்கு அவை நல்ல சான்று. இத்தகைய மண்டபங்களின் தூண், வளைவு, சுதை வேலை எல்லாவற்றுக்கும் மூலம் மதுரை. மதுரையில் உள்ளதைச் சிறிய அளவில், தங்கள் பொருள்வசதிக்கு ஏற்பப் பாளையக்காரர்கள் கட்டிக்கொண்டார்கள்.

மதுரையில் கற்றது

அந்த மூலத்தைச் சிசோமும் நேரில் ஆராய்ந்தார். 1840இல் லண்டனில் பிறந்த அவர், கல்கத்தாவில் சிறிது காலம் பணிபுரிந்த பின், மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்று 1865 வாக்கில் மதராஸுக்கு வந்தார். பிறகு அரசின் ஆலோசனைக் கட்டடக்கலைஞரானார். அவருடைய தொடக்ககால வரைபடங்கள் இத்தாலிய பாணியில் இருந்தன. உதகைக்கு அருகே லவ்டேலில் அவர் வடித்த லாரன்ஸ் பள்ளிக் கட்டடமும் அந்தச் சாயலில் அமைந்ததே.

1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இந்தப் போக்கை மாற்றினார். மதுரையில் திருமலை நாயக்கர் மஹால் இடிந்து கிடந்ததைப் பார்த்த அவர் அதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டார். 1636இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அரண்மனையின் பெரும்பகுதியைச் சொக்கநாத நாயக்கர் காலத்திலேயே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியவை சொர்க்க விலாசமும் நாடகசாலையும்தான். பழுதுபார்க்கும் வேலையில் பங்குகொண்ட சிசோம் அவற்றை அளந்து படித்தார். திருமலை நாயக்கர் அரண்மனை பற்றி அவர் எழுதிய கட்டுரையை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகம் 1870களில் வெளியிட்டது. இந்துக் கோயில் சுதை, முஸ்லிம் வளைவு, ஐரோப்பியத் தூண் மூன்றும் ஒரே கூடத்தில் ஒட்டிவாழ முடியும் என்பதற்கு அந்த மஹால் கண்முன் இருந்த சான்று. புதுப்பித்த மஹாலில் நீதிமன்றங்கள் நடந்தன. பழைய அரண்மனையைக் காக்க அரசு அப்போது அறிந்திருந்த வழி, அதற்கு ஒரு அலுவலைக் கொடுப்பதே.

1870இல் நேப்பியர் மதராஸில் ஆற்றிய உரையில், இந்தியாவில் அரசு கட்டும் கட்டடங்களுக்கு முஸ்லிம் பாணியே தட்பவெப்பத்துக்கும் செலவுக்கும் பொருந்தும் என்று வாதிட்டார். அந்த வாதத்தைச் செயலில் காட்ட ஏற்ற இடமாக சேப்பாக்கம் இருந்தது.

சேப்பாக்கத்துக்கான வடிவமைப்பு

சிசோம் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. இரண்டு தனி மாளிகைகளை ஒரே கட்டடமாக்க வேண்டும். மக்களுக்குத் தெரியும் வாசல் வேண்டும். கூடுதல் அறைகள் வேண்டும். செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதும், பழையதன் பக்கத்தில் ஐரோப்பிய பாணியில் தனிக் கட்டடம் எழுப்புவதும் அந்தக் காலத்து அதிகாரிகளுக்குப் பழகிய வழிகள். சிசோம் மூன்றாவது வழியை எடுத்தார். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரு மாளிகைகளுக்கும் நடுவே ஒரு சதுரக் கோபுரத்தை எழுப்பி இரண்டையும் இணைத்தார். கோபுரத்தின் உச்சியில் கும்மட்டம். சாளரங்களிலும் முகப்பிலும் நவாபின் வீட்டிலிருந்தே எடுத்த கூர் வளைவுகள். வாரியத்துக்கு வேண்டிய புதிய அறைகளும் அதே சாயலில் சேர்ந்தன.

இந்தக் கோபுரம் செய்த வேலைகள் மூன்று. முதலாவது, வாசல் எங்கே என்பதைத் தூரத்திலிருந்தே காட்டியது. இரண்டாவது, உயரம் ஒவ்வாத இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நிமிர்ந்து நின்று அந்த ஒவ்வாமையை மறைத்தது. மூன்றாவது, நவாபின் அரண்மனைக்கு முன்பு இல்லாத ஒரு மையத்தைக் கொடுத்தது. விளைவாக, குடியிருப்பாக இருந்தது அரசாங்கக் கச்சேரியின் தோற்றத்தைப் பெற்றது. பிரிட்டிஷ் அரசு, தான் பட்டம் பறித்த நவாப் குடும்பத்தின் பாணியையே தன் அதிகாரத்தின் முகமாக அணிந்துகொண்டது என்ற அரசியல் பொருளும் இதற்கு உண்டு. கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் சேப்பாக்கத்தை இந்தக் கோணத்திலும் படிக்கிறார்கள்.

அக்கம்பக்கத்துக் கட்டடங்களையும் இந்த விரிவாக்கம் பாதித்தது. கடற்கரையில் 1867இல் தொடங்கி 1870 மார்ச்சில் எடின்பரோ கோமகன் திறந்துவைத்த மாநிலக் கல்லூரியில் இத்தாலிய அடித்தளத்தோடு அரண்மனையின் சாயலும் கலந்தது. 1874இல் தொடங்கி 1879இல் முடிந்த செனட் மண்டபத்தில் பைசாந்திய, சாரசெனிக் கூறுகள் முழுதாகவே வந்துவிட்டன. பொதுப்பணித்துறைக் கட்டடமும் அந்த வரிசையில் சேர்ந்தது. அரண்மனைக்கு ஏற்றபடி சுற்றுப்புறம் அமைய வேண்டும் என்ற எண்ணம் மதராஸ் கடற்கரையில் ஒரு முழு வரிசைக் கட்டடங்களை உருவாக்கியது.

இழப்பும் இருந்தது. கடலைப் பார்த்து, கடற்காற்றை வாங்கி நின்ற நவாபின் மாளிகைகள், முன்னால் எழுந்த அலுவலகக் கட்டடங்களுக்குப் பின்னே மறையத் தொடங்கின. விரிவாக்கம் பழைய வீட்டைக் காப்பாற்றியது. அதன் காட்சியைச் சுருக்கியது.

சுண்ணாம்பும் தேக்கும்

வரைபடம் ஆங்கிலேயருடையது என்றாலும் கட்டிய கை உள்ளூர்க் கொத்தனாருடையது; பொருளும் உள்ளூர்ப் பொருள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுவருக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்த்து அரைத்த சாந்து மெல்ல இறுகும், ஆனால் வெடிக்காது. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மாவாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்தால் சலவைக்கல் போலப் பளபளக்கும். மதராஸ் சுண்ணம் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியது இதைத்தான்.

கூரை மெட்ராஸ் டெரஸ் முறை. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சாய்வு வரிசையில் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைப்பார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் பல நாள் தட்டித் தட்டி அதை இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதித்தால் வெயிலும் மழையும் உள்ளே இறங்காது. மதுரைப் பக்கத்துப் பழைய மாடிவீடுகளிலும் இதே முறையைக் காணலாம். இதன் பலவீனம் ஒன்றே: எல்லாப் பாரமும் தேக்குக் கட்டையின் தலையில். கட்டை உளுத்தாலும் எரிந்தாலும் கூரை முழுதும் கீழே வரும்.

அலுவலகம் அரண்மனையானது

நவாபின் வீடு அலுவலகமானதற்கு நேர் எதிரான வேலையும் சிசோமிடமே வந்தது. பட்டம் ஒழிந்த நவாபின் குடும்பத்தினருக்கு 1870 வாக்கில் ஆற்காடு இளவரசர் என்ற புதிய பட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. அவர்கள் குடியிருக்க ராயப்பேட்டையில், 1798இல் அரசு அலுவலகமாகக் கட்டப்பட்ட ஒரு கட்டடம் தரப்பட்டது. அதை அரண்மனையாக மாற்றும் பொறுப்பு சிசோமுடையது. 1876இல் இளவரசர் குடும்பம் அங்கே குடியேறியது. அமீர் மஹால் என்ற பெயரில் இன்றும் அது அந்தக் குடும்பத்தின் இல்லம். பழைய கட்டடத்தைப் புதிய வேலைக்குத் திருப்புவதில் இப்படி இரு திசையிலும் அனுபவம் பெற்ற கட்டடக்கலைஞர் அந்தக் காலத்தில் அரிது. பின்னாளில் பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையை, அதைத் தொடங்கிய சார்லஸ் மேன்ட் 1881இல் இறந்தபின், கட்டி முடித்தவரும் சிசோமே. 1915இல் அவர் இறந்தார்.

தீயும் புதுப்பிப்பும்

1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. போடி ஜமீனின் நிர்வாகம் முடிந்தது. அரண்மனை குடும்பச் சொத்தாக நின்றது. ஊரின் ஏலக்காய் வாணிபம் தொடர்ந்தது. 1996இல் தேனி மாவட்டம் பிறந்தபோது போடி அதில் சேர்ந்தது. வருவாய் வாரியத்தை 1980இல் தமிழ்நாடு அரசு கலைத்தது. யாருக்காகச் சேப்பாக்கம் விரிக்கப்பட்டதோ அந்த நிறுவனமே இல்லாமல் போனது. அரண்மனைக்குள் வெவ்வேறு துறை அலுவலகங்கள் நிரம்பின. முன்புறத்தில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடம் அரண்மனையைக் கடற்கரைச் சாலையிலிருந்து அடியோடு மறைத்தது. பழைய கட்டடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், தேவைப்பட்ட அறைகளை மட்டும் கொடுத்த விரிவாக்கம் அது. சிசோமின் பணியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

தொழில்துறை, சமூகநலத்துறை அலுவலகங்கள் இயங்கிய கலச மஹாலில் 2012 ஜனவரி நடுவில் ஓர் இரவில் தீப்பிடித்தது. தேக்குக் கட்டைகள் எரிந்து கூரை விழுந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். மிஞ்சிய சுவர்களை இடிப்பதா, காப்பதா என்ற விவாதம் எழுந்து, காப்பது என்று முடிவானது. பொதுப்பணித்துறை மறுபடியும் சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து, மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து வேலையை முடித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கலச மஹாலில் நடக்கிறது. பாழடைந்து மரம் முளைத்துக் கிடந்த ஹுமாயூன் மஹாலும் பின்னர் அதே முறையில் புதுப்பிக்கப்பட்டது.

சேப்பாக்கம் தப்பித்தது அரசுக் கட்டடம் என்பதால். தனியார் கையிலுள்ள ஜமீன் அரண்மனைகளுக்கும் வணிகர் வீடுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2012இல் நிறைவேற்றியது. ஆணையம் செயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. பழைய வீட்டில் இடம் போதாதபோது சிமென்ட் பூச்சும் கான்கிரீட் மாடியும் எளிதாகத் தோன்றும். சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கும் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஓவியம் தீட்டிய சுவரென்றால் ஓவியமும் சேர்ந்து உதிரும். போடியிலோ வேறு எந்த ஊரிலோ பழைய வீட்டை விரிக்க நினைப்பவர்கள் முதலில் உள்ளதை அளந்து வரைந்துகொள்ள வேண்டும். அதே சுண்ணாம்பில் வேலை தெரிந்த கொத்தனாரை அமர்த்த வேண்டும். சேர்க்கும் பகுதி பழையதன் வாசலையும் வெளிச்சத்தையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிசோம் முதல் இரண்டையும் செய்தார். மூன்றாவதில் அவர் காலத்திலேயே தொடங்கிய குறையை எழிலகம் நிறைவு செய்தது.